மாப்பிள்ளைப் பழம்

ரப்பர் கை மறுபடியும் அடித்தது. தட்.

பெல்ட்டில் வந்த பழம் எகிறிக் கழிவுக் கூடையில் விழுந்தது. தோளில் சிவப்பேறிய செந்தூரா மாம்பழம். ஒரு கீறல் கிடையாது. ஒரு புள்ளி கிடையாது.

தட். இன்னொன்று. தட். தட்.

ஆலை முதலாளி மாதவராஜ் கழிவுக் கூடைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு எல்லாரும் பார்க்கத் தோலோடு ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஏம்மா பூவிழி, இதுவா அழுகல்?"

அந்த மாங்கூழ் ஆலையின் பராமரிப்பு இன்ஜினியர் பூவிழிதான். அழுகல் பிடிக்கும் அந்த மெஷினைக் கட்டியவளும் அவள்தான். முதலாளி முன்னால் அது மானத்தை வாங்குவது இது இரண்டாவது முறை.

"சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு..."

"நேத்து நான் பார்க்கலையேம்மா."

பக்கத்தில் நின்ற கிருஷ்ணப்பன் மெல்லச் சிரித்தான். ஓசூர்க்காரன். வெளிநாட்டு மெஷின் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட். முதலாளி வரும் நாளெல்லாம் வழவழப்பான படங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவனும் வந்துவிடுகிறான்.

"பாவம் சார், சின்னப் பொண்ணு ஆசைப்பட்டுப் பண்ணிருக்கு. வுடுங்க. பொங்கலுக்குக் கோலம் போடுற மாதிரி நெனைச்சுக்குங்க."

அழுகலைக் கையால் பிரிக்கும் பொறுக்கு மேசைப் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூவிழி திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் நின்றார்கள். மேசையின் தலைமாட்டில் நின்ற பாஞ்சாலி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதவராஜ் கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை காலைல வர்றேன். அன்னிக்கும் இப்படின்னா பிரிச்சுப் பழைய இரும்போட போட்டுடு. கிருஷ்ணப்பன் மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். சீசன் யாருக்காகவும் காத்திருக்காதும்மா."

கார் கிளம்பி மாரண்டஹள்ளி ரோட்டில் மறைந்தது.

பூவிழி குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள். கெட்டிப் பழம். நல்ல பழம்.

எப்படி?

*

சீசன் இல்லாத மாதங்களில், ஆலை தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் ஒருத்தி தூங்கவில்லை. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பெல்ட்டைத் தூசி தட்டினாள். மேலே கேமரா மாட்டினாள். வெளிச்சம் அலைபாய்ந்தது, கறுப்பு ஷீட்டில் கூண்டு கட்டினாள். ரப்பர் கை தாமதமாக அடித்தது, மோட்டாரை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மொரப்பூருக்கு வீட்டுக்குப் போனாலும் ரயிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பழங்களின் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "கல்யாணத்துக்குப் பையன் போட்டோ பாருடின்னா மாங்கா போட்டோ பாக்குறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மெஷினின் மூளை எளிமையானது. ஏரியூர்ப் பழம் ஒரு நிறம், பாலக்கோட்டுப் பழம் ஒரு நிறம். அதனால் ஒவ்வொரு லோடிலும் முதலில் வரும் பழங்களை அது சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும். இந்தக் கூட்டத்தில் மட்டமானது எது என்று பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் கை அடிக்கத் தொடங்கும்.

சாதாரண நாட்களில் பிசகே இல்லை. அடிபட்ட பழத்தை வெட்டினால் உள்ளே கறுப்பு. முதலாளி வரும் நாளில் மட்டும் புத்தி கெட்டுவிடுகிறது.

மெஷினுக்கு முதலாளியைத் தெரியுமா என்ன? தெரியாது. தெரிந்த ஆள் யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

யார்?

முதல் சந்தேகம் ஷிப்ட் சூப்பர்வைசர் அருள்குமார் மீது. எந்நேரமும் பல் தெரியச் சிரிக்கிற ஆள். இரண்டாவது சோதனை அன்று, எல்லாரும் கேட்டில் முதலாளியை வரவேற்கப் போயிருந்த நேரம், அவன் மட்டும் கறுப்புக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள். "என்ன பண்றீங்க?" என்றதும் திடுக்கிட்டு வெளியே வந்து, "சும்மா மேடம், ஒண்ணுமில்லிங்க" என்று கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நழுவினான். அதே அருள்குமார் அன்று மாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கிருஷ்ணப்பன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்.

இரண்டாவது சந்தேகம் பாஞ்சாலி. மெஷின் வந்தால் மேசைக்கு ஆள் குறையும் என்று பயப்பட அவளுக்குக் காரணம் உண்டு. சீசன் முழுக்க மாம்பால் பட்டுத் தோலுரிந்த அந்த விரல்கள், சோற்றில் கை வைத்தாலே எரிகிற விரல்கள், மேசையை விட்டால் வேறு எங்கே போகும்?

புதன்கிழமை மதியம் சந்தேகத்துக்குச் சாட்சியே கிடைத்தது.

கழுவும் தொட்டிக்குப் பின்னால் மோட்டாரைப் பார்க்கப் போனாள் பூவிழி. தொட்டிக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலியின் குரல். போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குப் பண்ணிடறோம் தம்பி. போன தடவ மாதிரியேதான். இல்ல, இன்னும் நல்லாவே பண்ணிடறோம்... ஆமா ஆமா. அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம்."

பூவிழி எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு அப்பால், முற்றத்தின் மறுகோடியில் அருள்குமார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆக, இரண்டு பேரும் கூட்டு.

ஓடிப்போய் முதலாளியிடம் சொல்லிவிடலாமா? என்ன சொல்வது? "போன்ல பேசினாங்க சார்" என்றா? ஜெயிக்கத் தெரியாதவள் பழி போடுகிறாள் என்பார். கிருஷ்ணப்பன் அதற்கும் ஒரு கோலம் கதை வைத்திருப்பான்.

பொறுத்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுக்கச் சாதாரண லோடை ஓட்டினாள். பிசகே இல்லை. சாயங்காலம் பாஸ்வேர்டை மாற்றினாள். கண்ட்ரோல் பாக்ஸ் கதவும் சட்டமும் சேரும் இடத்தில், யார் கண்ணிலும் படாத அடிப்பக்கமாக, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். கறுப்புக் கூண்டின் மடிப்பில் இன்னொன்று. திறந்தால் பிய்ந்துவிடும்.

*

வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ஷிப்டுக்கு இன்னும் நேரமிருந்தது.

வாட்ச்மேனிடம் "மோட்டார் பாக்கணும்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நேராக மெஷினிடம் போனாள். கண்ட்ரோல் பாக்ஸில் பொட்டு அப்படியே இருந்தது. கூண்டின் பொட்டும் அப்படியே.

யாரும் தொடவில்லை. இன்னும் தொடவில்லை.

பழுக்க வைக்கும் அறைக்குள் நுழைந்து, அடுக்கிய கிரேட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பழ வாசனை தலையைச் சுற்றியது. கதவிடுக்கு வழியாக மெஷின் தெரிந்தது.

காலடிச் சத்தம்.

ஒருத்தி இல்லை. ஒரு கூட்டம். பாஞ்சாலி முன்னால் வர, மேசைப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால். ஒருத்தர் தலையிலும் தொப்பி இல்லை, கையில் வருகைக் கார்டு இல்லை. கடைசியாக அருள்குமார் வந்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

பூவிழி போனில் வீடியோவை ஓடவிட்டாள்.

அவர்கள் மெஷின் பக்கமே போகவில்லை!

நேராகப் பழுக்க வைக்கும் அறை வாசலுக்கே வந்தார்கள். முன்வரிசைக் கிரேட்டுகளை இழுத்துத் தரையில் கவிழ்த்தார்கள். உட்கார்ந்தார்கள். கைகள் பறந்தன. நல்லது இந்தப் பக்கம், அழுகல் அந்தப் பக்கம். ஒருத்தி ஈரத்துணியால் ஒவ்வொரு பழத்தையும் துடைத்தாள். இன்னொருத்தி காம்பில் வழிந்த பாலை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"மாப்பிள்ளைப் பழம் மட்டும் பெல்ட்டுக்கு" என்று பாஞ்சாலி தாழ்ந்த குரலில் அதட்டினாள். "ஏ எழிலரசி, என்னாடி அது, ஓரமா புள்ளி இருக்குது பாரு. மொதலாளி கண்ணுல படவா? அழுகலெல்லாம் பின்னாடி ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போங்கடி, ஜல்தி."

பூவிழிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மறுகணம் எல்லாம் புரிந்தது.

எழுந்தாள். மேலே இருந்த காலிக் கிரேட் சரிந்து உருண்டது. வெளியே இரண்டு பேர் வீறிட்டார்கள்.

"அய்யோ, யாருடி அது!"

"நான்தான்க்கா."

பாஞ்சாலி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அருள்குமாரின் பல் முதல்முறையாக மறைந்திருந்தது.

"ரெண்டு தடவையும் இதைத்தான் பண்ணீங்களா?"

"எதை?"

"அழுகலை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, நல்ல பழமா மட்டும் மெஷினுக்குக் குடுத்தீங்களா?"

"பின்ன?" பாஞ்சாலிக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "பொண்ணு பாக்க வர்றப்ப வூட்டைக் கூட்டாம வெப்பாங்களா? யாரு வந்தாலும் இங்க இப்பிடித்தான். பெரிய ஆளுங்க வந்தா மாப்பிள்ளைப் பழந்தான் பெல்ட்டுல ஓடும். இன்னிக்கு நேத்துப் பழக்கமா? உனக்கு நல்ல பேரு வரட்டும்னுதான் சாமி, ஷிப்டுக்கு முன்னாடியே வந்து சாகறோம்!"

"எனக்கா?"

"பின்ன அந்த ஓசூர்க்காரனுக்கா? அவன் மெஷின் வந்தா மேசையே இருக்காதாமே. உன்னுது வந்தா அழுகல்ல கை வெக்கிற வேலை மட்டுந்தானே போவும். போவட்டும் சனியன். தம்பிதான் வெவரம் சொல்லுச்சு."

பூவிழி அருள்குமார் பக்கம் திரும்பினாள். "நீங்க அவர் தோள்ல கை போட்டுட்டு நின்னீங்களே?"

"எங்க ஊர்க்காரன் மேடம். அவன் மெஷின் வந்தா என்னை ஆபரேட்டராப் போடறேன்றான். டீ வாங்கிக் குடுத்தா குடிச்சுட்டு வெவரத்தையும் கேட்டுக்க வேண்டியதுதானே?"

"கூண்டுக்குள்ள?"

"கேமரா கண்ணாடி தூசியா இருந்துச்சுங்க. மொதலாளி வர்றாரேன்னு தொடச்சேன். சொன்னா நீங்க பதறுவீங்கன்னு சொல்லல."

நம்பலாமா? அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தெரியவில்லை. ஆனால் மெஷினின் கதை மட்டும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. கூட்டத்தில் மட்டமானது எது என்று தேடச் சொல்லித்தான் அதைப் பழக்கியிருந்தாள். எத்தனையோ லோடு பார்த்துவிட்டாள், அழுகல் இல்லாத லோடு ஒன்றுகூட வந்ததில்லை. வராது என்றே நினைத்துவிட்டாள். வெறும் மாப்பிள்ளைகளாக அனுப்பினால் அது என்ன செய்யும்? கொஞ்சம் சிவப்பு குறைந்த மாப்பிள்ளையை அழுகல் என்று அடிக்கும்.

சொன்னாள். முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னாள்.

"அப்போ?" என்றாள் பாஞ்சாலி.

"அழுகலையும் சேர்த்துப் பெல்ட்டுல போடணும்க்கா. வந்தது வந்தபடி."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதலாளி முன்னாடியா?" பாஞ்சாலியின் குரல் இறங்கியது. "நல்லாருக்குது கண்ணு நீ சொல்றது. போன வருசம் வெளியூர்ப் பார்ட்டி வந்தப்ப பெல்ட்டுல ஒரே ஒரு புழுப் பழம். அன்னிக்கு சாயந்திரமே எந்தங்கச்சியோட சேத்து மூணு பேத்த வூட்டுக்கு அனுப்பிச்சாங்க. பாதி சீசன்ல. உன் மெஷின் ஜெயிக்கறதுக்கு எங்க பொழப்ப வெச்சு வெளையாடறியா? இல்ல, எங்களை மாட்டி வுடத்தான் கிரேட்டுக்குப் பின்னாடி போனை வெச்சிக்கினு உக்காந்திருந்தியா?"

பூவிழி கையிலிருந்த போனைப் பார்த்தாள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே அதை அழித்தாள்.

"நான் கொட்டறேன். என் கையால. கேட்டா நான்தான்னு சொல்றேன்."

வெளியே ஹாரன் சத்தம். கேட் திறந்தது.

*

மாதவராஜ் உள்ளே வந்தபோது பூவிழி பின் ஷெட்டிலிருந்து தூக்கி வந்த கிரேட்டைப் பெல்ட்டுக்கு நேராகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கறுத்த பழம், நசுங்கிய பழம், ஈ மொய்த்த பழம்.

"ஏய்! என்னாம்மா கொட்டற?"

"அழுகல் சார். அழுகல் பிடிக்கிற மெஷின்தானே."

கிருஷ்ணப்பன் கைதட்டிச் சிரித்தான். "நல்லா இருக்கே! தானே அழுகலப் பொறுக்கி வெச்சு, தானே புடிக்கறது. கண்ணாமூச்சி ஆடறப்ப ஒளிஞ்சவனே வந்து 'நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்ற மாதிரி."

மாதவராஜின் கண் சுருங்கியது. சந்தேகம் இப்போது அவள் மீது திரும்பிவிட்டது. நியாயம்தான், அவர் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

கிரேட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீங்களே எடுங்க சார். பழுக்க வைக்கற ரூம்ல எந்த வரிசை வேணுமோ, எந்தக் கிரேட் வேணுமோ. யாரும் பிரிக்காதது. நான் கிட்டயே வர மாட்டேன்."

முதலாளி உள்ளே போனார். பின் சுவரோரம் அடுக்கியிருந்த வரிசையைக் காட்டினார். "அதை எடுப்பா அருளு."

அருள்குமார் பூவிழியைப் பார்த்தான். கிருஷ்ணப்பனைப் பார்த்தான். அவன் நினைத்தால் முன்வரிசையிலிருந்து துடைத்து வைத்த மாப்பிள்ளைப் பழத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். கிரேட் எல்லாம் ஒரே நிறம். கதை முடிந்துவிடும். பூவிழி நகத்தைக் கடித்தாள்.

டிராலி உருண்டு வந்தது. மேல் கிரேட்டிலேயே ஒரு பழம் குழைந்துபோய்ச் சாறு வடித்துக்கொண்டிருந்தது.

பெல்ட் ஓடியது. ரப்பர் கை அசையவில்லை.

"என்னா, தூங்குதா?" என்றான் கிருஷ்ணப்பன்.

"பார்த்துட்டு இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

அழுகலும் நல்லதுமாகப் பழங்கள் போய்க்கொண்டே இருந்தன. மாதவராஜ் வாட்சைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் படங்களைப் பிரித்தான். பூவிழி எந்தப் பட்டனையும் தொடவில்லை. தொடத் துடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தட்.

மாதவராஜ் கூடைக்குள் பாய்ந்தார். மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது, காம்போரம் மட்டும் லேசாக நிறம் மங்கியிருந்தது. மேசையிலிருந்து கத்தியை வாங்கி வெட்டினார். கொட்டையைச் சுற்றிக் கறுப்பு.

தட். வெட்டினார். கறுப்பு. தட். வெட்டினார். புழு.

தாண்டிப் போன பழங்களை எடுத்து வெட்டினார். நல்லது. நல்லது. மறுபடி நல்லது. அடுத்து அடிப்பக்கம் மெத்தென்று போன ஒரு பழம் கேமராவை ஏமாற்றிவிட்டுத் தாண்டியது. பழம் மேசையைத் தொடுவதற்குள் பாஞ்சாலியின் கை நீண்டு, பார்க்காமலே அதை எடுத்துக் கழிவில் எறிந்தது.

மாதவராஜ் பார்த்துவிட்டார்.

"ஒண்ணு ரெண்டு தப்பும் சார்" என்றாள் பூவிழி. "அதுக்குத்தான் மேசையில ஆளு வேணும்."

அவர் கத்தியைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"சரி. போன ரெண்டு தடவையும் ஏன் இப்பிடி ஓடல?"

பாஞ்சாலியின் உரிந்த விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன. எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் பூவிழிமேல் ஒரு துளிக் குறை நிற்காது.

"நான் எழுதினதுல கோளாறு சார். எல்லாமே நல்ல பழமா வந்தா அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. அதை நான் யோசிக்கல."

"எல்லாமே நல்ல பழமா?" என்றான் கிருஷ்ணப்பன். "அப்பிடி ஒரு லோடு எந்தத் தோப்புல இருந்து வந்துச்சாம்?"

மாதவராஜ் அவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். தரையில் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக, தான் வந்த ஒவ்வொரு முறையும் பெல்ட்டில் ஓடிய பழங்கள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் இறுகியது. பிறகு, யாரும் எதிர்பாராமல், காதுவரை சிவந்தது.

"கிருஷ்ணப்பா, நீ கிளம்பு. அடுத்த சீசன் பார்க்கலாம்." கத்தியை மேசையில் வைத்தார். "மெஷின் இருக்கட்டும். மேசையும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனிமே நான் வர்றது யாருக்கும் தெரியாது. அருளு, உனக்கும்தான்."

விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டார்.

ரப்பர் கை அடித்துக்கொண்டே இருந்தது. தட். தட்.

பாஞ்சாலி தொப்பியை மாட்டிக்கொண்டே பூவிழியின் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று பூவிழி நினைத்தாள்.

"உன் மெஷின் தங்கிடுச்சு கண்ணு. இனிமே மொதலாளி எப்ப வருவாரு, எந்தப் பக்கமா வருவாருன்னு நாங்கதான் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சாவணும்."

"பயப்படாதீங்கக்கா. அவர்தான் பார்த்துட்டாரே, அழுகல் வர்றது சகஜம்னு."

"பாத்தாரு. ஆனா மறக்க மாட்டாரு." பாஞ்சாலி கூண்டைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இதைத் திரும்ப நோண்டப் போறியா?"

"ஆமா. நல்ல பழம் மட்டும் வந்தாலும் தடுமாறாத மாதிரி மாத்தணும். கொஞ்ச நாள் ஆகும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கணும்."

பாஞ்சாலி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கார் போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு குனிந்து, பூவிழியின் காதருகே கேட்டாள்:

"எவ்ளோ நாளு ஆவும், மறுபடி மாப்பிள்ளைப் பழம் வுடறதுக்கு?"